டீக்கி கிண்ணம் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்ததும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கேள்விகள்தான். ஆளுக்கு ஒரு தடவை சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது எழுதியே வைத்துவிட்டேன். நான் இருப்பது ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். இந்த ஊருக்கும் டீக்கி கிண்ணத்துக்கும் ஒரு பெரிய தொடர்பு உண்டு, அது கீழே வரும். நான் பீங்கான் நிபுணன் கிடையாது. காசு விட்டுக் கற்றுக்கொண்டவன்.

டீக்கி என்றால் என்ன? கார் டிக்கியா?

ஊருக்குப் போன் போட்டு “டீக்கி கிண்ணம் ஒன்று ஏலத்தில் எடுத்தேன்” என்றபோது அம்மாவும் இதைத்தான் கேட்டார். முதலெழுத்தை இழுத்துச் சொன்னால் குழப்பம் வராது.

நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய கதைகளில் டீக்கி என்பவர் முதல் மனிதர். மார்க்கேசஸ் தீவுகளில் கல்லிலும் மரத்திலும் செதுக்கிய மூதாதையர் உருவங்களுக்கு அதே பெயர். ஹவாயில் அந்தச் சொல் ‘கிஈ’ என்று ஆகிறது. அகன்ற கண், பிதுங்கிய வாய், மடக்கிய முழங்கால். நம் கோயில் தூணைத் தோளில் தாங்கும் பூதகணங்கள் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, எனக்கும் அதுதான் வந்தது.

அமெரிக்காவில் அதே சொல் ஒரு மோஸ்தருக்குப் பெயராகிவிட்டது. மூங்கில் சுவர், கூரையில் மீன்வலை, மங்கலான விளக்கு, பழச்சாறு கலந்த ரம், அதை ஊற்றித்தர முகம் வைத்த பீங்கான் பாத்திரம். இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது அந்தப் பாத்திரத்தைப் பற்றி, அதிலும் குவளையைப் பற்றி அல்ல, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து நீளமான உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கும் பெரிய கிண்ணத்தைப் பற்றி.

அந்தக் கிண்ணத்தில் அப்படி என்ன குடித்தார்கள்?

மூன்று பெயர் தெரிந்தால் போதும். ஸ்கார்ப்பியன் கிண்ணம்: ரம், பிராந்தி, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, பாதாம் பாகு, மேலே ஒரு கார்டீனியா பூ மிதக்கும். வால்கேனோ கிண்ணம்: நடுவில் எரிமலை வாய் போல ஒரு கூம்பு, அதன் குழியில் 151 புரூஃப் ரம்மை ஊற்றிக் கொளுத்துவார்கள். அதில் பாதிக்கு மேல், 75.5 சதவீதம், ஆல்கஹால், நன்றாகவே எரியும். இப்போது விவரமான மதுக்கூடங்களில் எலுமிச்சை எசென்ஸில் தோய்த்த ரொட்டித் துண்டை வைத்துப் பற்றவைக்கிறார்கள், சுடர் இன்னும் மஞ்சளாகத் தெரியும். மூன்றாவது காவா கிண்ணம். ஃபிஜியிலும் சமோவாவிலும் காவா வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து குடிக்க, கால் வைத்த மரக்கிண்ணம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துச் செய்தது. உள்ளே இருந்தது மட்டும் காவா இல்லை, ரம்தான்.

இது எங்கே, எப்போது தொடங்கியது?

தீவுகளில் அல்ல, ஹாலிவுட்டில். 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. அந்தச் சூட்டோடு எர்னஸ்ட் கான்ட் என்பவர் அங்கே ஒரு சின்ன மதுக்கூடம் திறந்தார். ‘டான் த பீச்கோம்பர்’ என்ற பெயர் கடைக்கு ஒட்டியது. அவரும் தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் விக்டர் பெர்ஜரன் நடத்திய கடை பிறகு ‘டிரேடர் விக்ஸ்’ ஆனது. 1944ல் மை டாய் என்ற பானத்தைக் கலந்தது தானே என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். டான் பீச்சும் அதே உரிமையைக் கோரினார். பலர் சேர்ந்து குடிக்கும் ஸ்கார்ப்பியன் கிண்ணத்தைப் பிரபலப்படுத்தியதில் மட்டும் பெர்ஜரனுக்குப் போட்டி இல்லை.

இந்தக் கதையில் சொல்லாமல் விடப்படுகிறவர்கள் பிலிப்பினோக்கள். டான் பீச்சின் மதுமேடைக்குப் பின்னால் நின்று கலந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களில் ஒருவரான ரே பூஹன் 1961ல் லாஸ் ஏஞ்சலஸில் ‘டீக்கி-டீ’ என்ற குட்டிக் கடையைத் திறந்தார். மரியானோ லிக்குடின் ஃபுளோரிடாவின் ‘மை-கை’ உணவகத்துக்குப் போய் அங்கிருந்த பானங்களுக்கெல்லாம் வடிவம் கொடுத்தார்.

போருக்குப் பிறகுதான் இது அலையாக மாறியது. பசிபிக்கில் சண்டை போட்டுவிட்டு வந்த சிப்பாய்கள், 1947ல் தோர் ஹேயர்டால் பெரு நாட்டிலிருந்து 101 நாள் கட்டுமரத்தில் மிதந்து பாலினீசியாவில் கரை ஒதுங்கிய கோன்-டீக்கி பயணம், 1959ல் ஹவாய் 50ஆவது மாநிலமானது, ஜெட் விமானம். எல்லாம் சேர்ந்து, கடலே இல்லாத ஊர்களில்கூடப் பனையோலைக் கூரை போட்ட உணவகங்கள் முளைத்தன. 1970களில் அலை வடிந்தது. பெற்றோர் ரசித்ததைப் பிள்ளைகள் ரசிப்பார்களா என்ன?

அப்போ கிண்ணங்கள் பசிபிக் தீவுகளில் செய்தவையா?

பெரும்பாலும் ஜப்பான். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஓட்டகிரி மெர்க்கன்டைல் கம்பெனி அங்கே செய்வித்து இறக்குமதி செய்தது. ‘ஓஎம்சி’ என்ற சுருக்கமும் ‘ஜப்பான்’ என்ற சொல்லும் உள்ள சின்னக் காகித ஒட்டி அடியில் இருக்கும், கழுவிக் கழுவிப் போயும் இருக்கும். ‘ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய்’ என்று அடியில் பொறித்திருந்தால் ஹவாய் என்று நம்பிவிடாதீர்கள். அது நியூயார்க் நிறுவனம். சீன உணவகங்களுக்கு மொத்தமாகப் பாத்திரம் விற்றவர்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ‘ஆர்’ எழுத்தோடு ஓர் எண் போட்டிருப்பார்கள், அதனால் சேகரிக்கிறவர்களுக்கு வசதி. முதலில் ஜப்பானிலும் பிறகு தைவானிலும் செய்வித்தார்கள்.

அமெரிக்காவிலேயே செய்ததும் உண்டு. டிரேடர் விக்ஸுக்குப் பாத்திரம் கொடுத்தவர்களில் எல் செரிட்டோ ஊரின் டெப்கோ ஆலை ஒன்று. கழித்துப்போட்ட பீங்கானையெல்லாம் பக்கத்து விரிகுடாக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு இன்றும் ‘டெப்கோ பீச்’ என்றுதான் பெயர், மணலுக்குப் பதில் ஓட்டாஞ்சில்லு.

குவளை கொட்டிக் கிடக்கிறதே, கிண்ணம் மட்டும் ஏன் அரிது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பதில் ஒரே வார்த்தை: திருட்டு.

குவளை கைப்பைக்குள் நுழையும். குடித்து முடித்தவர்கள் துடைத்து உள்ளே போட்டுக்கொண்டு போனார்கள். கடைக்காரர்களும் ஒருகட்டத்தில் ‘குவளையோடு சேர்த்து இவ்வளவு’ என்று விலையிலேயே ஏற்றிவிட்டார்கள். அப்படி வீட்டுக்குப் போனது அலமாரியில் பத்திரமாக இருந்து, ஐம்பது வருடம் கழித்துப் பேரன் கையால் விற்பனைக்கு வருகிறது. கிண்ணம் கைப்பைக்குள் அடங்காது. அதனால் அது உணவகத்திலேயே இருந்தது. தினமும் தொட்டியில் கழுவப்பட்டது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது, மூளியானதும் குப்பைக்குப் போனது. உணவகம் மூடும் நாளில் மிச்சம் இருந்ததும் குப்பைவண்டி ஏறியது. யாராவது துணிச்சலாகத் திருடியிருந்தால்தான் அது இன்று இருக்கிறது.

பெயர் போடாத பொதுவடிவக் கிண்ணங்கள் நிறையக் கிடைக்கின்றன, ஏனென்றால் அவற்றை நூற்றுக்கணக்கான சீன உணவகங்கள் வாங்கின. பாஸ்டன் வட்டாரத்தில் ஸ்கார்ப்பியன் கிண்ணம் என்பது இன்றும் சீன உணவகத்துச் சமாசாரம். சாகஸ் ஊரின் கவ்லூன் உணவகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஓர் உணவகத்துக்காக அச்சு வெட்டி, அதன் பெயரைப் பொறித்துச் சில நூறு மட்டும் செய்வித்த கிண்ணம்தான் அரிது.

கஹிகி, கஹிகி என்கிறார்களே, அது என்ன?

எங்கள் ஊர்ப் பெருமை. 1961ல் பில் சாப், லீ ஹென்றி என்ற இருவர் கொலம்பஸின் கிழக்கு பிராட் தெருவில் கட்டிய உணவகம். பெரிய போர்ப்படகைக் கவிழ்த்துவைத்த மாதிரி கட்டடம், வாசலில் நெருப்பு எரியும் கல்முகங்கள், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் செயற்கை மழைக்காடு, அவ்வப்போது இடியும் மழையும். ஒஹையோவின் பிப்ரவரிக் குளிரில் இதற்குள் நுழைந்தவர்களின் மனநிலையை நான் அடிக்கடி கற்பனை செய்வேன்.

அங்கே ‘மிஸ்டரி டிரிங்க்’ என்று ஒன்று. நான்கு பேருக்கானது. சொல்லிவிட்டால் ஒரு சேகண்டி முழங்கும், பூமாலையோடு ஒரு பெண் புகை கக்கும் கிண்ணத்தை ஏந்திவந்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போவாள். அந்தக் கிண்ணம்தான் இன்று சேகரிப்பவர்களின் கண்ணை உறுத்துவது. மை-கையிலும் இதேபோல ஒரு மர்மக் கிண்ணம் இருந்தது.

1997ல் கஹிகியைத் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் இருந்தால் இடிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் சொத்தை அந்தப் பட்டியல் தடுக்காது. 2000 ஆகஸ்டில் மூடி, அதே ஆண்டு இடித்து, வால்கிரீன்ஸ் மருந்துக்கடை கட்டினார்கள். நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இருமல் மருந்து வாங்கியது அந்த இடத்தில்தான், விஷயம் தெரியாமலே. கஹிகி என்ற பெயர் உறைநிலை உணவு வியாபாரத்தில் மட்டும் பிழைத்துக்கொண்டது. பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் எக் ரோல் பாக்கெட்டில் பார்த்திருக்கிறேன்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது?

ஒரே காரணம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நான் பார்த்தவரை, ஏற்றம் படிப்படியாக வந்தது.

முதல் படி 1995ல் தொடங்கிய ஈபே என்ற இணைய ஏலத் தளம். அதற்கு முன்னால் இந்தப் பொருள்கள் நன்கொடைக் கடைகளில் ஒரு டாலர், இரண்டு டாலருக்குக் கிடந்தன. ஒன்றைப் பார்ப்பதே அதிர்ஷ்டம். ஈபே வந்ததும் நாடு முழுவதும் உள்ள பரண்கள் ஒரே சந்தையானது. அப்போது நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை: அரிது என்று நினைத்த பல கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது தெரிந்து விலை விழுந்தது, உண்மையிலேயே அரியவை வருடத்துக்கு ஒருமுறைகூட வராதது தெரிந்து விலை எகிறியது.

இரண்டாவது படி, டீக்கியின் மறுவருகை. 2000ல் ஸ்வென் கிர்ஸ்டனின் படப் புத்தகம் வந்து, இந்தக் கடைகளுக்கெல்லாம் ஒரு வரலாறு இருப்பதைக் காட்டியது. புத்தகத்தில் படம் வந்த கிண்ணத்துக்கு ஒரு விலை, வராததற்கு ஒரு விலை என்று ஆனது. அட்லாண்டாவில் ஹுக்கிலாவ், கலிஃபோர்னியாவில் டீக்கி ஓயாசிஸ் என்று ஆண்டுக் கூட்டங்கள் தொடங்கின. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மக்லர்ஸ் கோவ் 2009லும், சிகாகோவின் த்ரீ டாட்ஸ் அண்ட் எ டேஷ் 2013லும் திறந்தன. அங்கே குடித்துப் பழகிய முப்பது வயதுக்காரர்கள் வாங்க வந்தார்கள்.

மூன்றாவது, 2020. மதுக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது நிலவறையில் மூங்கில் ஒட்டி வீட்டிலேயே மதுமேடை போட்டவர்கள் எத்தனை பேர்! அந்த ஆண்டு அக்டோபரில் மழையில் கூரை சேதமாகி மை-கை மூடியது. அடுத்த வருடம், 1956 முதல் டீக்கி உணவகங்களுக்கெல்லாம் சிலை செதுக்கிக் கொடுத்த விட்டியர் நகரின் ஓஷியானிக் ஆர்ட்ஸ் கடை மூடி, சரக்கெல்லாம் ஏலத்துக்கு வந்தது. இனி வராது என்ற பயம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய விலையேற்றி கிடையாது. மை-கை 2024 நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

சரி, எவ்வளவுதான் ஆகும்?

பொதுவடிவ ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய் கிண்ணங்கள் சில பத்து டாலர். உணவகப் பெயரோடு, நல்ல நிலையில் இருப்பவை சில நூறு. தனி உணவகத்துக்காகச் செய்து, விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியவை ஆயிரத்தைத் தாண்டலாம். இதற்கு மேல் துல்லியமாகச் சொன்னால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். நீங்களே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்: ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டினால் கடந்த 90 நாள் விலைகள் தெரியும். விற்காமல் கிடக்கும் பொருளுக்கு விற்பவர் கேட்கும் தொகை விலை இல்லை, ஆசை. ‘பேரம் ஏற்கப்பட்டது’ என்று கோடு போட்டிருக்கும் தொகையும் விலை இல்லை; கைமாறியது அதைவிடக் குறைவு.

ஏலம் எப்படிக் கேட்பது?

ஈபேயில் நீங்கள் எழுதும் உச்சத் தொகையை நீங்கள் கட்டுவதில்லை. உங்களுக்கு அடுத்த ஆள் எவ்வளவு வரை போனாரோ அதற்கு ஒரு படி மேலே கட்டுகிறீர்கள். நான் 300 டாலர் வரை தருவேன் என்று எழுதி, அடுத்தவர் 140ல் நின்றுவிட்டால் எனக்குக் கிண்ணம் 142.50க்கு வரும். அந்த அடுத்தவரும் 295 வரை போகிற பிடிவாதக்காரர் என்றால் அதே கிண்ணம் 300.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டால், ஏலச் செய்திகளைப் படிக்கும் விதமே மாறிவிடும். கிண்ணத்தின் விலையை நிர்ணயிப்பது வென்றவர் அல்ல, தோற்றவர். உலகத்தில் இரண்டே இரண்டு பேர் வெறியோடு இருந்தால் போதும், விலை விண்ணைத் தொடும். முதல் கிண்ணத்தை ஒருவரும் இரண்டாவதை இன்னொருவரும் எடுத்தபின், மூன்றாவது வரும்போது கேட்க ஆளில்லாமல் பாதிக்கு விழும். கூடவே, ஓர் அரிய கிண்ணம் பெரிய விலைக்குப் போன செய்தி வந்ததும் பரணிலிருந்து இன்னும் இரண்டு இறங்கிவரும். பொறுத்திருந்தால் நமக்கு லாபம். நான் பொறுக்காமல் வாங்கிய கதைகள் தனி.

மற்றபடி, பொருள் வந்த முதல் நாளே கேட்டு விலையை ஏற்றாதீர்கள். கடைசி சில நொடியில், உங்களால் உண்மையிலேயே கொடுக்கமுடிந்த தொகையை ஒரே தடவை எழுதுங்கள். வட்டமான எண்ணாக வேண்டாம். எல்லாரும் 200 என்று எழுதுவார்கள், நீங்கள் 203 என்று எழுதுங்கள். ஏல நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் ஏலத்தில் சுத்தியல் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று 20, 25 சதவீதம் சேர்ப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முன்பே படித்துவிடுங்கள்.

பழைய கிண்ணமா, நகலா என்று எப்படித் தெரியும்?

அளந்து பாருங்கள். இவையெல்லாம் சுண்ணச் சாந்து அச்சில் களிமண் குழம்பை ஊற்றி வார்த்தவை. பழைய கிண்ணத்தையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தால், புதிய களிமண் காய்ந்து சுடும்போது சுருங்கும். அதனால் நகல் எப்போதும் அசலைவிடச் சின்னது, பல் வரிசையும் கண் விளிம்பும் மழுங்கியிருக்கும். ஊகா-மூகா என்ற இணையப் பட்டியலில் தொடங்கிப் பல சேகரிப்பாளர்கள் அளவுகளைப் பதிந்துவைத்திருப்பதற்கு இதுதான் பயன்.

பிறகு அடிப்பாகம். உண்மையாகப் புழங்கிய கிண்ணத்தின் கால்விளிம்பு அழுக்கேறி, வழவழவென்று தேய்ந்திருக்கும். புதியதில் தேயிலைச் சாயம் பூசிப் பழசாக்குவது உண்டு. அந்தச் சாயம் தேயவேண்டிய இடத்திலும் சமமாகப் படிந்திருக்கும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரையோடு டீக்கி கிண்ணம் வந்தால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். அந்த முத்திரை போருக்குப் பின் 1952 வரை இருந்தது. முகம் வைத்த டீக்கி பாத்திரங்கள் பரவலானது அதற்கு அப்புறம்தான்.

ஒட்டுப்போட்ட கிண்ணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சந்தையில் பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததையே செய்யுங்கள். ஒரு கையில் ஏந்திக்கொண்டு விரல்முட்டியால் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் எங்கேயோ விரிசல். இணையத்தில் தட்டமுடியாதே என்பீர்கள். விற்பவரைத் தட்டச் சொல்லி ஒலிப்பதிவு அனுப்பச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், ஆனாலும் அனுப்புகிறார்கள். கையில் வந்தபிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பசையும் பூசிய வண்ணமும் சுற்றியுள்ள பீங்கானின் கண்ணாடி மெருகிலிருந்து மாறுபட்டு ஒளிரும்.

மெருகில் மட்டும் சிலந்திவலை மாதிரி ஓடும் நுண்கீறல் வேறு, உடம்பில் ஓடும் விரிசல் வேறு. முதலாவது வயதின் சுருக்கம், விலையை அதிகம் பாதிக்காது. இரண்டாவது பாதியாக்கிவிடும். எரிமலைக் கிண்ணமாக இருந்தால் நடுக்கூம்பின் அடியைக் கட்டாயம் பாருங்கள், தீ வைத்து வைத்து அங்கேதான் முதலில் விடும்.

வாங்கிய கிண்ணத்தில் ரசமோ பழரசமோ ஊற்றிக் குடிக்கலாமா?

வேண்டாம். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், அதை வெளியே இழுப்பது புளிப்பு. எலுமிச்சை, ஆரஞ்சு, புளி எல்லாம் அந்த வேலையைச் செய்யும். பீங்கானிலிருந்து கசியும் ஈயத்துக்கு அமெரிக்க அரசு வரம்பு கட்டத் தொடங்கியதே 1970களில்தான். நம் கிண்ணங்கள் அதற்கு முந்தியவை. என் வீட்டில் ஒன்றில் சாவி, இன்னொன்றில் பூண்டு. தோலோடு.

தெய்வ உருவத்தை மதுப் பாத்திரமாக்கியது உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. ஹவாயில் 1819ல் கபு என்ற பழைய விலக்குமுறையை ஒழித்தபோது கோயில் உருவங்களை எரித்தார்கள். தப்பியவை பல அருங்காட்சியகங்களுக்குப் போயின. அந்த அருங்காட்சியகப் படங்களைப் பார்த்து ஒரு கலிஃபோர்னியா ஓவியர் குவளை வரைந்து, ஜப்பானில் வார்த்து, ஒஹையோவில் ரம் ஊற்றினார்கள். பிள்ளையார் முகத்தில் யாராவது பீர் குவளை செய்தால் நாம் என்ன பாடு படுத்துவோம் என்று யோசித்தால் பதில் தெரிந்துவிடும். தீவு மக்களிலேயே இதை வெறுப்பவர்கள், சிரித்துவிட்டுப் போகிறவர்கள், தாங்களே செதுக்கி விற்பவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். நான் எனக்காக வைத்துக்கொண்ட வரம்பு ஒன்றுதான்: பீங்கானோடு சரி. தீவுகளிலிருந்து வந்த உண்மையான சடங்குப் பொருள் ஏலத்துக்கு வந்தால் கிட்டே போவதில்லை.

புதிதாக வரும் கிண்ணங்களை முதலீடாக வாங்கிப் போடலாமா?

2000ல் தொடங்கிய டீக்கி ஃபார்ம் நிறுவனம் முதல் பலரும் எண் போட்டு, இத்தனைதான் என்று சொல்லிப் புதுக்கிண்ணம் விடுகிறார்கள். டிஸ்னி ஹோட்டல்களின் டிரேடர் சாம்ஸ் மதுக்கூடத்தில் கிடைத்ததை அன்றைக்கே ஈபேயில் இரட்டை விலைக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பழைய கிண்ணம் அரிதானது எல்லாரும் அதைக் குப்பை என்று நினைத்ததால். புதியதை வாங்குகிற ஒவ்வொருவரும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்துகிறார்கள். ஐந்நூறு செய்தால் ஐந்நூறும் இருக்கும். பிடித்திருந்தால் வாங்குங்கள். பணம் பெருகவேண்டும் என்றால் வேறு வழி பாருங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கட்டுப்படியாகாது. கிண்ணம் கனமானது, அனுப்பும் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் சாதாரணக் கிண்ணத்தின் விலையைத் தாண்டிவிடும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வீட்டில் இறக்கி, அவர் ஊருக்கு வரும்போது கைப்பெட்டியில் கொண்டுவரச் சொல்வதுதான் நடைமுறை. அந்த உறவினர் எத்தனை தடவை சம்மதிப்பார் என்பது உங்கள் சாமர்த்தியம்.

உடையாமல் வந்துசேர என்ன செய்யவேண்டும்?

பணம் கட்டியதும் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இரண்டு பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் நாலு விரல்கடை இடைவெளி, அதில் நெருக்கமாக அடைப்பு. கிண்ணத்தின் வயிற்றுக்குள்ளும் காகிதம் திணிக்கவேண்டும். கால்களைத் தனித்தனியாகச் சுற்றவேண்டும், முதலில் போவது கால்தான். இதற்காகப் பத்து டாலர் அதிகம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

நான் அப்படிக் கேட்காமல் விட்ட ஒரே தடவை, மூன்று டீக்கிகள் தாங்கும் பழுப்புக் கிண்ணம் ஒன்று செய்தித்தாளில் சுற்றி ஒற்றைப் பெட்டியில் வந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், துண்டுகளை வைத்துக்கொள்ளவும் சொன்னார். இரண்டு கால் தூள். மூன்றாவது டீக்கி மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல், தலைக்கு மேலே கிண்ணமே இல்லாமல், இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அலமாரியின் முதல் தட்டில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது அதன் விலையைத்தான்.